பஸ்ஸுக்கு வருகிற பி

என் மனைவிக்குச் சப்பாத்தி பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்தால் அவளைச் 'சப்பாத்திக்கார அம்மா' என்றுதான் காட்டுவார்கள். நாங்கள் இரண்டு பேருமே கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் வீடுகளில் சப்பாத்தி என்பது காய்ச்சல் வந்தாலோ சர்க்கரை வந்தாலோ சாப்பிடுகிற சமாச்சாரம். உடம்பு நன்றாக இருக்கும்போது அதை யாராவது விரும்பிச் சாப்பிடுவார்கள் என்பதையே பெங்களூருக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். அப்படிப்பட்டவள் ஒரு நாளைக்கு எண்ணூறு சப்பாத்தி செய்து விற்றுக்கொண்டிருந்தாள், ஒன்றைக்கூட வாயில் வைக்காமல்.

அவள் விற்றது முழுச் சப்பாத்தி இல்லை. கல்லில் இரண்டு பக்கமும் லேசாக வாட்டி, ஆறவைத்து, பத்துப் பத்தாகப் பாக்கெட்டில் போட்ட அரைவேக்காட்டுச் சப்பாத்தி. வாங்குகிறவர்கள் தங்கள் கல்லில் இன்னொரு முறை போட்டால் உப்பி எழும்பும். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்கு வருகிற வடக்கத்திப் பிள்ளைகள் தங்குகிற பி.ஜி. விடுதிகளுக்கு இது ஒரு வரப்பிரசாதம். அவள் பதினோரு வருஷம் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைத்தவள். ஃபேக்டரியை வேறு ஊருக்கு மாற்றியபோது வீட்டில் உட்கார மனசில்லாமல் இதை ஆரம்பித்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண்ணும், ஆனேக்கல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு அம்மாவும் கூட இருந்து தேய்த்தார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் சோபா இருந்த இடத்தில் மூன்று பலகைகள் வந்தன. சோபா மாடிப்படிக்குக் கீழே போனது, நானும் ஏறத்தாழ அங்கேதான் போனேன்.

நான் என்ன செய்கிறேன் என்றும் சொல்லவேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் பராமரிப்பு சூப்பர்வைசர். லிஃப்ட் நின்றால், ஏ.சி. ஒழுகினால், கருத்தரங்கு நடக்கும்போது மைக் கூவினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாசச் சம்பளம், பேங்கில் நல்ல பெயர், வீட்டில் சுமாரான பெயர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம். ஆறு பி.ஜி. நடத்துகிற ஆந்திராக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். அவர்தான் எங்கள் பெரிய வாடிக்கை. எண்ணூறில் ஐந்நூறு அவருக்கே போகும்.

"அம்மா, ஜூலைல புதுப் பசங்க வந்துடுவாங்க. ஆறு பில்டிங்குக்கும் சேத்து தினம் ரெண்டாயிரத்து ஐந்நூறு வேணும். ஒரே எடத்துல வாங்கினாதான் எனக்கு வசதி. முடியும்னா சொல்லுங்க. இல்லன்னா ஓசூர்ல ஒரு ஃபேக்டரி கேட்டுட்டே இருக்காங்க."

முடியும் என்றாள். யோசிக்கவே இல்லை. அவர் போன பிறகுதான் மூன்று பலகைகளையும் ஆறு கைகளையும் பார்த்தாள். கையால் தேய்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு நடக்காது. கோயம்புத்தூரில் செய்கிற ஒரு மெஷின் இருக்கிறது, உருண்டையை வைத்தால் அழுத்தி, வாட்டி, வெளியே தள்ளிவிடும். அதற்கு வங்கிக் கடன் வேண்டும். ஜூலைக்குள் மெஷின் வராவிட்டால் புது ஆர்டர் மட்டுமில்லை, இருக்கிற ஐந்நூறும் ஓசூருக்குப் போய்விடும். மிச்ச முந்நூறை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பெண்களுக்கும் கூலி கொடுக்க முடியாது. சோபா மறுபடி முன்னறைக்கு வந்துவிடும்.

பெண்கள் தொழில் தொடங்கக் கடன் தருகிறோம் என்று எங்கள் பகுதி வங்கிக் கிளையில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். போனோம். கடன் பிரிவில் ஒரு சின்னப் பெண், வடகர்நாடகத்துக்காரி, சிரித்த முகம். என் மனைவி கொடுத்த காகிதங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். ஆதார், பான் கார்டு, பழைய சம்பளக் கணக்கின் பாஸ் புத்தகம். மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், இவரு மூவரூ நீவேனா?"

இந்த மூன்று பேரும் நீங்கள்தானா என்று கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவிக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். எங்களுக்கெல்லாம் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயர், அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. பெண்ணாக இருந்தால் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா எழுத்து போய்ப் புருஷன் எழுத்து வரும். இதுவே போதுமான குழப்பம். இதற்கு மேல் தமிழில் க ஒன்றுதான், ஆங்கிலத்தில் அது கே-யும் ஆகும், ஜி-யும் ஆகும். என் மாமனார் பெயர் க-வில் ஆரம்பிக்கும். அவர் கையெழுத்தே தமிழில்தான் போடுவார், கே-யா ஜி-யா என்று யோசிக்க அவருக்கு அவசியமே வந்ததில்லை. சுரங்கத்தில் அவருக்கு ஒரு நம்பர் இருந்தது, அது போதுமாக இருந்தது. மகளைப் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் ஜி போட்டார். பல வருஷம் கழித்து கார்மெண்ட்ஸில் சம்பளக் கணக்கு தொடங்கிய குமாஸ்தா, அப்பா பெயர் என்ன என்று காதால் கேட்டு கே போட்டார்.

அடுத்தது நான். என் பெயர் ப-வில் ஆரம்பிக்கும். பள்ளியில் அதற்கு பி போட்டார்கள். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகத்திலும் பி-தான் போட்டார்கள். ஆனால் அது வேறு பி. பள்ளியில் போட்டது பஸ்ஸுக்கு வருகிற பி, அலுவலகத்தில் போட்டது பென்னுக்கு வருகிற பி. தமிழில் எழுதுகிற எனக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே எழுதிக் காட்டக்கூட வழியில்லை, பார்த்தீர்களா? இதுதான் எங்கள் கஷ்டம். கன்னடக்காரர்களுக்கு இரண்டுக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. நாங்கள் சொல்லும்போது அவர்களுக்கு எது காதில் விழுகிறதோ அது எங்கள் தலையெழுத்து.

மனைவியின் ஆதாரில் பஸ்ஸுக்கு வருகிற பி இருந்தது. பான் கார்டில் அவள் பெயருக்குப் பின்னால் என் முழுப் பெயரே இருந்தது, பென்னுக்கு வருகிற பி-யோடு. அந்த விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். 'குடும்பப் பெயர்' என்று ஒரு பெட்டி இருந்தது. குடும்பத்துக்குப் பெயர் என்றால் குடும்பத் தலைவர் பெயர்தானே என்று நினைத்து என் பெயரைப் பெருமையாக எழுதினேன். அப்போது என் அலுவலக அட்டை கையில் இருந்ததால் அதைப் பார்த்தே எழுதினேன். ஆகவே தப்பில் பெரும் பங்கு என்னுடையது. இதை நான் அன்று வங்கியில் ஒப்புக்கொள்ளவில்லை.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. தமிழ்ல ஒரே எழுத்து," என்று அந்தப் பெண்ணிடம் குரலை உயர்த்தினேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நனகெ கொத்து சார். சிஸ்டத்துக்குத் தெரியாது," என்றாள், பாதி கன்னடம் பாதி தமிழில். தனக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்கிறாள். நியாயம்தான். ஆனால் நியாயம் எதிராளி பக்கம் இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே தீர்வு சொன்னேன். "என் பேர்ல எடுத்துரலாம். சம்பளச் சீட்டு இருக்கு, ரெண்டே நாள்ல வந்துரும். மெஷின் வந்தாப் போதும் இல்ல?"

அவள் நடப்பதை நிறுத்தினாள். ஓசூர் ரோட்டு ஓரத்தில், சிமெண்ட் லாரிகள் போகிற இடத்தில், நின்றுகொண்டே பேசினாள்.

"வீட்டு லீஸ் உங்க பேரு. கேஸ் உங்க பேரு. என் ஃபோன் சிம்மு உங்க பேரு. பசங்க ஸ்கூல் ஃபீஸ் ரசீதெல்லாம் உங்க பேரு. இந்த ஊர்ல என் பேர்ல இருக்கிறது இன்னா தெரியுமா? ப்ரஷர் மாத்திரைச் சீட்டு. அது ஒண்ணுதான். இந்த மெஷினாவது என் பேர்ல வரட்டும். வரலன்னா வேணாம்."

"ஜூலை வருதே?"

"வரட்டும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. இருபத்துநான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் இதைச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியம் வரும் வரைக்கும் நானும் கவனித்ததில்லை. ஆனால் சமாதானம் சொல்வதற்குப் பதிலாக, "சிம்மை மாத்திக்கோ, யாரு வேணாம்னா?" என்று ஒரு வார்த்தை விட்டேன். அதற்கும் சேர்த்து இரண்டு நாள் மௌனம் கிடைத்தது.

மூன்றாம் நாள் வங்கிப் பெண்ணே ஃபோன் செய்து ஒரு வழி சொன்னாள். நோட்டரியிடம் போய், இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆளுடையவை என்று பிரமாணப் பத்திரம் வாங்கி வந்தால் மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கிறேன் என்றாள். ஆனேக்கல் கோர்ட் பக்கத்தில் ஒரு நோட்டரி இருக்கிறார் என்று சப்பாத்தி தேய்க்கிற அம்மாதான் சொன்னார். நான் லீவ் போட்டேன். பஸ் பிடித்துப் போனோம். நோட்டரி ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிச் சான்றிதழையும் கேட்டு வாங்கினார். அதில் ஜி இருந்தது. மூன்று பேர் நான்கு பேர் ஆனார்கள்.

அவர் டைப் அடித்ததை உரக்கப் படித்தார். மேற்படி இன்னாரும், இன்னாரும், இன்னாரும், இன்னாரும் ஒரே நபர் என்று இதனால் உறுதி கூறுகிறேன். ஒவ்வொரு இன்னாருக்கும் என் மனைவி தலையாட்டினாள்.

"இதுல யாரா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள்.

அந்த மனுஷனுக்கு இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை போலும். கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க யாரோ அவங்களா போடுங்கம்மா," என்றார்.

அவள் தமிழில் தன் பெயரை மட்டும் எழுதினாள். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவளே எனக்கு ஒரு சோளக்கதிர் வாங்கிக் கொடுத்தாள், மௌனம் அதோடு முடிந்தது.

பத்திரம் மேலிடத்துக்குப் போய் ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. பத்திரத்தை மனிதர்கள் படிக்கலாம், கம்ப்யூட்டர் படிக்காதாம். எல்லா அட்டையிலும் ஒரே பெயராக மாற்றிக்கொண்டு வந்தால் உடனே செய்துதருகிறோம் என்றார்கள். வங்கிப் பெண்ணுக்கே வருத்தம். பேச்சை மாற்றுவதற்காக, "நம்ம ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் சர்நேம் இருக்கும் மேடம். மிளகாய், வெங்காயம் எல்லாம்கூட சர்நேம்தான்," என்றாள். அவர்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் யார் என்ன விற்றார்களோ அதுவே குடும்பப் பெயர் ஆகிவிட்டதாம்.

"அப்போ நான் சப்பாத்தின்னு போட்டுக்கட்டா?" என்றாள் என் மனைவி. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜூன் பிறந்துவிட்டது என்ற கவலை எனக்கு மட்டும்தான் போலிருந்தது.

அந்த வாரம்தான் எங்கள் கட்டடத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. வளரும் நாடுகளின் பொருளாதாரம் பற்றி. கோட்டு போட்ட ஒருவர் திரையில் அம்புக்குறிகளைக் காட்டிப் பேசினார். வங்கியும் கடனும் கடைசி மனிதர் வரை போய்ச் சேர்ந்தால் நாடு தானாக வளரும் என்றார். நல்ல பேச்சு. குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கடைசி வரிசைக்குப் பின்னால் மாற்று மைக்கும் பேட்டரியுமாக நின்றுகொண்டிருந்தேன். கடைசி மனிதர் எங்கள் வீட்டு முன்னறையில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறார் ஐயா, ஒரு எழுத்து இடிக்கிறது, என்று கையைத் தூக்கிச் சொல்லலாமா என்று தோன்றியது. ஒரு மைக் என் கையிலேயே இருந்தது. ஆனால் வேலையும் வேண்டுமே.

காபி இடைவேளையில் நான்காவது மாடியில் வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பையன் வந்தான், மதுரைப் பக்கம். இப்படிப்பட்ட விண்ணப்பப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் செய்கிற வேலை அவனுக்கு. பிடித்துக்கொண்டேன். "ஏன்ப்பா, சர்நேம் இல்லாதவன் எல்லாம் மனுஷன் இல்லையா உங்களுக்கு? அந்தப் பெட்டி எதுக்கு?"

"தெரியலண்ணே. நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு. யாரும் எடுக்கல," என்றான். பிறகு தன் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினான். "எனக்கும் சர்நேம் இல்லைன்னு எங்கப்பா பேரைப் போட்டேண்ணே. இப்ப ஆபீஸ்ல எல்லாரும் எங்கப்பா பேரைச் சொல்லித்தான் என்னைய திட்டுறாங்க. அவர் பாவம், ஊர்ல நிம்மதியா இருக்காரு."

என் கோபம் அங்கேயே கரைந்துபோனது. பெட்டியைச் செய்தவனே பெட்டிக்குள் மாட்டியிருக்கும்போது யாரைப் பிடித்து உலுக்குவது?

இனி எந்தப் பெயருக்கு மாற்றுவது என்ற கேள்வி. இது எங்கள் வீட்டு முன்னறையில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மாவு உருட்டிக்கொண்டே முடிவானது. நானும் உருட்டினேன். ஆபீஸ் போவதற்கு முன் இருநூறு உருண்டை என் பங்கு. கையில் நான்கு எழுத்துகள் இருந்தன. கே, ஜி, இரண்டு பி.

ஆனேக்கல் அம்மா அப்பா எழுத்துதான் சரி என்றார். "அப்பா மாறமாட்டாரு இல்ல? அதைப் போட்டுக்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். என் எழுத்தைத்தான் வைத்துக்கொள்வாள் என்று மனசுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். எந்த பி என்பதுதான் கேள்வியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எதுவும் வேணாம்," என்றாள். "என் பேரு மட்டும்."

"மொட்டையாவா?"

"ஆமா, மொட்டையா."

"மொட்டைக் கடுதாசி கேள்விப்பட்டிருக்கேன். மொட்டைப் பேர்ல யாராவது கடன் கேப்பாங்களா?"

"நோட்டரி அய்யா இன்னா சொன்னாரு? நீங்க யாரோ அவங்களா போடுங்கன்னாரு. போட்டேன் இல்ல? அதான் நான்."

நேராகச் சொல்கிறேன், எனக்கு வலித்தது. ஒரு எழுத்துதான். அதுவும் எது என்று எனக்கே சரியாகத் தெரியாத எழுத்து. ஆனாலும் கல்யாணத்தன்று கொடுத்ததை ஒருத்தி மாவுக் கையோடு எடுத்து ஓரமாக வைப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? உருண்டையைக் கொஞ்சம் பலமாகவே அழுத்திவிட்டேன். "அது பூரிக்குக்கூட ஆவாது," என்று அவள் அதை வாங்கி மறுபடி உருட்டினாள்.

சாயங்காலம் நானே அவளைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கோபம் இருந்தது, ஆனால் ஜூலையும் இருந்ததே. இந்த முறை விண்ணப்பத்தை நான் நிரப்பவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, கடைக்காரர் அடித்தார். ஆதாருக்கு ஒரு விண்ணப்பம், பான் கார்டுக்கு ஒரு விண்ணப்பம். பிறகு காத்திருப்பு. தினம் மூன்று தடவை தபால்காரரைப் பற்றி விசாரிப்பாள். ஜூன் இருபதாம் தேதி ஆந்திராக்காரர் ஃபோன் செய்தார். "வேலை நடக்குதுங்க," என்றாள். நடந்துகொண்டிருந்தது அவள் மட்டும்தான், வாசலுக்கும் அடுப்புக்கும். அந்த நாட்களில் ஆனேக்கல் அம்மா கூலி உயர்வு கேட்கவேண்டியதைக்கூடக் கேட்காமல் இருந்தார். எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

இருபத்துமூன்றாம் தேதி பான் கார்டு வந்தது. ஆதார் அதற்கு நான்கு நாள் முன்பே வந்திருந்தது. இரண்டு அட்டைகளிலும் அவள் பெயர், தனியாக, நிறைய வெள்ளை இடத்தோடு. ஒன்றை ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

வங்கிக்கு ஓடினோம். அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றாள். அட்டைகளை வாங்கி, கணக்கில் பெயரைத் திருத்தி, கடன் விண்ணப்பத்தைத் திறந்தாள். முதல் பெட்டியில் பெயரை அடித்தாள். இரண்டாவது பெட்டிக்குப் போனாள். அங்கே விரல் நின்றது.

"சர்நேம்," என்றாள், மன்னிப்புக் கேட்கிற குரலில். "காலி விட்டா சிஸ்டம் தகொள்ளல்ல மேடம்."

காலியாக விட்டால் எடுத்துக்கொள்ளாது. அடக் கடவுளே, மறுபடியுமா? இரண்டு பி-யும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அதற்குள் அந்தப் பெண்ணே பக்கத்து மேஜைக்குப் போய் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்தாள். அட்டையில் ஒரே பெயர் இருக்கிறவர்களுக்கு இரண்டு பெட்டியிலும் அதையே போடலாமாம். இங்கே நிறையப் பேருக்கு அப்படித்தான் செய்கிறார்களாம்.

"அப்படின்னா என் பேருக்கு இனிஷியலு, என் பேரேவா?" என்று என் மனைவி என்னிடம் தமிழில் கேட்டாள்.

"அப்படித்தான் ஆவுது," என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஹாகி," என்றாள். போடுங்கள்.

ஏழு நாளில் கடன் வந்தது. ஃபோனில் வந்த செய்தியில் அவள் பெயர் இரண்டு தடவை இருந்தது. தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். "ஒரு தடவ கூப்பிட்டா நான் வரமாட்டேன்னு பேங்குக்கும் தெரிஞ்சிருக்குது," என்றாள். ஆந்திராக்காரரிடம் பேசி, முதல் ஐந்து நாளைக்கு முடிந்த அளவு தர அவகாசம் வாங்கினாள். அந்த ஐந்து நாளும் அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் வந்து தேய்த்தார்கள், நானும் தேய்த்தேன். என்னுடையது வட்டமாக வரவில்லை என்று புகார் வந்தது. கோயம்புத்தூர் லாரி ஆறாம் நாள் காலையில் தெருமுனையில் வந்து நின்றபோது, மெஷினை இறக்க நாலு பேர் போதும், நாற்பது பேர் கூடினார்கள். இப்போது எங்களிடம் ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். சோபாவை விற்றுவிட்டோம்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். கடைசியில்தான் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன்.

எல்லாம் முடிந்தபின் நாமினி என்று ஒரு பக்கம் வந்தது. அவளுக்குப் பிறகு அவள் கணக்கில் இருப்பது யாருக்குப் போகவேண்டும் என்று எழுதுகிற பக்கம். "இவருதான்," என்று முகவாயால் என்னைக் காட்டினாள். பெயரைச் சொன்னேன். "பஸ்ஸுக்கு வர்ற பி-யா, பென்னுக்கு வர்ற பி-யா?" என்று அவளே நக்கலாகக் கேட்டாள். பஸ்தான் என்றேன். வங்கிப் பெண் அடித்தாள். இரண்டாவது பெட்டிக்குப் போனாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், நிம்ம சர்நேம்?"

இவ்வளவு நாள் அவளுக்காக அலைந்தேனே தவிர, எனக்கும் அந்தப் பெட்டி காலி என்பது உறைக்கவே இல்லை. அப்பா பெயரைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மதுரைப் பையன் ஞாபகம் வந்து தயங்கினேன்.

"நன் ஹெசரே ஹாகி," என்றாள் என் மனைவி.

தன் பெயரையே எனக்கு சர்நேமாகப் போடச் சொல்கிறாள். வங்கிப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சம்மதமா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். திரையில் என் பெயர், அதற்குப் பக்கத்தில் அவள் பெயர். அதற்கு இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் நான் அவளுக்குக் கொடுத்தது ஒரே ஒரு எழுத்து, அதுவும் சந்தேகத்தோடு. அவள் எனக்கு முழுப் பெயரையும் கொடுத்துவிட்டாள், விலாசம் சொல்வதுபோல, ஒரு நொடியில்.

அந்தப் பக்கம் வங்கிக் கம்ப்யூட்டருக்குள் எங்கோ இருக்கிறது. சில நாட்களில் மெஷின் ஓடுகிறபோது அதை நினைத்துக்கொள்வேன். அவள் இல்லாமல் போனால்தான் யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பெயரைப் படித்து, என்னைக் கூப்பிடுவார்கள். அப்படி யாரும் என்னைக் கூப்பிடாமலே நான் போய்ச் சேர்ந்துவிடவேண்டும். போன வாரம் இதை அவளிடம் சொல்லியும்விட்டேன். மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

"இன்னாது?" என்று கத்தினாள்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "மாவு தீந்துபோச்சு."